அச்சகமா, வரியா, கடனா? 1775-ல் அமெரிக்கப் புரட்சியாளர்கள் முன்னால் இருந்த வழிகள்

கையில் காசில்லாமல் ஒரு போரைத் தொடங்கியவர்கள் பலர் உண்டு. கையில் காசும் இல்லாமல், வரி போடும் அதிகாரமும் இல்லாமல், கடன் கேட்க ஓர் அங்கீகாரமும் இல்லாமல் தொடங்கியவர்கள் குறைவு. 1775-ல் பிலடெல்பியாவில் கூடியிருந்த கான்டினென்டல் காங்கிரஸ் அந்த வகை. (காங்கிரஸ் என்பது இங்கே பேரவை, கட்சி அல்ல.) ஜூன் 15-ம் தேதி ஜார்ஜ் வாஷிங்டனைத் தளபதியாக நியமித்தார்கள். 17-ம் தேதி பாஸ்டனுக்கு எதிரே பங்கர் ஹில்லில் சண்டை. 22-ம் தேதி 20 லட்சம் டாலருக்கு நோட்டு அடிக்கத் தீர்மானம் போட்டார்கள். தளபதி வந்து ஒரே வாரத்தில் பணமும் பிறந்துவிட்டது.

அந்தப் பணம் கடைசியில் என்ன ஆனது என்பது பலருக்குத் தெரிந்த கதை. செல்லாக்காசுக்கு ஆங்கிலத்தில் 'கான்டினென்டல்' என்றே பெயர் வரும் அளவுக்குப் போனது. அதனாலேயே "நோட்டு அடித்துக் கெட்டார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். அன்றைக்கு இருந்த மற்ற வழிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் இரண்டு வருடத்துக்கு அச்சகத்தை விட்டால் வேறு கதி இல்லை. கெட்டது அதற்கப்புறம்.

முதலில் வரி. எந்த அரசுக்கும் இதுதான் நேர்மையான வழி என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. பதின்மூன்று காலனிகள் அனுப்பிய பிரதிநிதிகள் உட்கார்ந்து பேசும் இடம் அது; காலனிகளிடம் கேட்கலாம், உத்தரவிட முடியாது. அதிலும் 1765-ன் முத்திரைத்தாள் வரியிலிருந்து தேயிலை வரி வரை, சண்டையே வரியை எதிர்த்துத்தான் மூண்டது. லண்டன் நாடாளுமன்றம் போட்ட வரியை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிய விவசாயியிடம், மறுமாதமே பிலடெல்பியாவிலிருந்து ஆள் அனுப்பி வரி கேட்டால் என்ன ஆகும்?

இன்னொரு சிக்கலை அதிகம் யாரும் பேசுவதில்லை. வரி கட்ட வெள்ளி வேண்டும். காலனிகளுக்கு வெள்ளி வந்தது கடல் வணிகத்தால். அந்த ஏற்றுமதியை 1775 செப்டம்பரிலிருந்து காங்கிரஸே நிறுத்திவிட்டது, பிரிட்டனை நெருக்குவதற்காக. ஆக, வரி போட்டிருந்தாலும் கட்டுவதற்குச் சந்தையில் பணம் இருந்திருக்காது.

அடுத்து உள்நாட்டுக் கடன். பதின்மூன்று காலனிகளிலும் சேர்த்து ஒரு வங்கிகூட அப்போது இல்லை. பணக்கார வியாபாரிகள் இருந்தார்கள். ஆனால் தோற்றால் தூக்குமேடை என்ற நிலையில் இருக்கும் ஒரு பேரவைக்கு அவர்கள் எதை நம்பிக் கொடுப்பார்கள்? 1776 அக்டோபரில் 50 லட்சம் டாலர் திரட்டுவதற்காகக் கடன் அலுவலகங்களைத் திறந்து 4 சதவீத வட்டி சொன்னார்கள். கூட்டம் வரவில்லை. சில மாதத்தில் 6 சதவீதமாக உயர்த்தினார்கள். அப்போதும் மந்தம்தான். 1777 இலையுதிர் காலத்தில் ஒரு தந்திரம் செய்தார்கள்: வட்டியை உள்ளூர் நோட்டாகத் தராமல், பாரிஸில் இருக்கும் தங்கள் தூதர்கள் மேல் எழுதிய உண்டியலாகத் தருவது. செட்டிநாட்டில் கொடுத்து ரங்கூனில் வாங்கிக்கொள்ளும் உண்டியலை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். பிரெஞ்சுப் பணமாக வட்டி என்றதும் வியாபாரிகள் ஓடிவந்தார்கள். மதிப்பு இறங்கிக்கொண்டிருந்த நோட்டைக் கொடுத்து, மதிப்பு இறங்காத வட்டியை வாங்கினார்கள். அவர்களுக்கு நல்ல பேரம். கடன் பத்திரம் ஒவ்வொன்றும் சில நூறு டாலர் என்பதால் சாதாரண விவசாயி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியவில்லை. லாட்டரிச் சீட்டுகூட நடத்திப் பார்த்தார்கள். அதில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

வெளிநாட்டுக் கடன்? 1775-ல் கடன் கேட்பதற்கு அமெரிக்கா என்று ஒரு நாடே இல்லை. சுதந்திரம் அறிவித்ததே 1776 ஜூலையில். அந்த ஆண்டு பிரான்ஸ் 10 லட்சம் லிவரை (லிவர் அன்றைய பிரெஞ்சு நாணயம்) ரகசியமாகக் கொடுத்தது. நாடக ஆசிரியர் பொமார்ஷே ஒரு போலி வணிக நிறுவனம் நடத்தி, அதன் பெயரில் துப்பாக்கியும் வெடிமருந்தும் அனுப்பினார். வெளிப்படையான உடன்படிக்கை 1778 பிப்ரவரியில்தான் வந்தது, அதுவும் சாரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை முழுதாகச் சரணடைந்த பிறகு. ஜெயிக்கும் குதிரை என்று தெரிந்தால்தான் பந்தயப் பணம் வரும்.

மீதி இருந்தது அச்சகம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். காலனிக்காரர்களுக்குக் காகிதப் பணம் புதிது அல்ல. கியூபெக் மீது படையெடுத்துத் தோற்றுத் திரும்பிய சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க மாசசூசெட்ஸ் 1690-லேயே நோட்டு அடித்தது. பென்சில்வேனியா நிலத்தை அடமானமாக வாங்கிக்கொண்டு நோட்டாகவே கடன் கொடுத்து, அதை ஒழுங்காகவும் நடத்தியது. 1764-ல் லண்டன் இதற்குக் கடிவாளம் போட்டதும் காலனிக்காரர்களின் குறைகளில் ஒன்று. ஆகவே மக்களுக்கு நோட்டு பழகிய சங்கதி. புரட்சிக்காரர்கள் குருட்டுத்தனமாக இதில் இறங்கவில்லை. தெரிந்த தொழிலில்தான் இறங்கினார்கள்.

நோட்டும் அழகான நோட்டுதான். பெஞ்சமின் பிராங்க்ளின் தொழிலே அச்சுத் தொழில். நிஜ இலையிலிருந்து அச்சு எடுத்து நோட்டின் பின்புறம் பதிக்கும் முறையை அவர் ஏற்கெனவே பென்சில்வேனியா நோட்டுகளில் கையாண்டிருந்தார். ஓர் இலையின் நரம்பு போல இன்னொன்று இராது. கள்ளநோட்டுக்காரன் கையால் செதுக்கி அதைப் போலிசெய்வது கடினம். தடித்த கந்தல் காகிதத்தில் அப்ரகத் துகளும் நீல இழைகளும் கலந்திருந்தன. டாலர் நோட்டுகளில் இரண்டு பேர் பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். ஆறு டாலர் நோட்டில் ஒரு பீவர் (மரத்தைக் கொறித்துச் சாய்க்கும் நீர்வாழ் விலங்கு) பெரிய மரத்தைக் கடித்துக்கொண்டிருக்கும், விடாமுயற்சியாம். அந்த ஓவியங்களை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

நோட்டில் எழுதியிருந்ததோ வேறு கதை. வைத்திருப்பவருக்கு இத்தனை ஸ்பானிய வெள்ளி டாலர், அல்லது அதற்கு ஈடான பொன்னோ வெள்ளியோ பெற உரிமை உண்டு என்று இருந்தது. எங்கே போய்க் கேட்பது, எந்தத் தேதியில் கேட்பது என்று இல்லை. தேதி போடாத புரோநோட்டு. காலனிகள் ஜனத்தொகைக்கு ஏற்பப் பங்கு பிரித்துக்கொண்டு, 1779-லிருந்து நான்கு தவணையில் வரி வசூலித்து இந்த நோட்டுகளைத் திரும்பப் பெறும் என்று தனியாக ஒரு தீர்மானம் இருந்தது. ஆகக்கூடி, இது பின்னால் வரப்போகும் வரியின் மேல் இன்றைக்கு வாங்கிய கைமாற்று. நோட்டுக்கு வட்டி கொடுக்கலாம், அப்போது மதிப்பு நிற்கும் என்று பிராங்க்ளின் சொல்லிப் பார்த்தார். காங்கிரஸ் கேட்கவில்லை.

முதல் இரண்டு ஆண்டு கணக்கைப் பாருங்கள். 1775-ல் 60 லட்சம், 1776-ல் 1 கோடியே 90 லட்சம் டாலர். 1777 தொடக்கத்தில் ஒரு வெள்ளி டாலருக்கு ஒன்றேகால் நோட்டு டாலர் என்ற அளவில்தான் விலை இருந்தது. ஒரு படையைத் திரட்டி, நியூயார்க்கில் அடிவாங்கி, டெலவேர் ஆற்றைக் கடந்து மீண்டு வந்த காலம் முழுவதும் நோட்டு கிட்டத்தட்ட சொன்ன விலைக்குப் போயிற்று. வரியோ கடனோ இந்த வேலையைச் செய்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அப்புறம்தான் சரிவு. 1778 தொடக்கத்தில் நான்குக்கு ஒன்று. 1779 தொடக்கத்தில் எட்டுக்கு ஒன்று. 1780 தொடக்கத்தில் நாற்பதை ஒட்டி. 1778-ல் 6 கோடிக்கு மேல் அடித்தார்கள். 1779-ல், பழைய நோட்டுக்கு மாற்றாக அடித்ததையும் சேர்த்தால், சுமார் 14 கோடி. இது காங்கிரஸ் கணக்கு மட்டும். பதின்மூன்று மாநிலங்களும் (சுதந்திரத்துக்குப் பிறகு காலனிகளுக்கு அதுதான் பெயர்) தங்கள் பங்குக்குத் தனி நோட்டு அடித்துக்கொண்டிருந்தன. ஒரே கிணற்றில் பதினான்கு ஏற்றம்.

பிரிட்டிஷார் சும்மா இருப்பார்களா? அவர்கள் கையில் இருந்த நியூயார்க்கில் 1777-ல் செய்தித்தாளிலேயே விளம்பரம் வந்தது: வெளியூர் போகிறவர்களுக்குக் காங்கிரஸ் நோட்டின் கள்ளப் பிரதி காகித விலைக்கே கிடைக்கும் என்று. 1777 மே மாதத்திலும் 1778 ஏப்ரலிலும் தேதியிட்ட இரண்டு வெளியீடுகளில் கள்ளநோட்டு அவ்வளவு கலந்துவிட்டதால், அவை இரண்டையும் மொத்தமாகத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இலை நரம்பு ஓரளவுக்குத்தான் காப்பாற்றியது.

ஆனாலும் கள்ளநோட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. 1779 ஏப்ரலில் வாஷிங்டன் எழுதிய கடிதம் ஒன்றில், ஒரு வண்டி நிறையப் பணம் கொண்டுபோனாலும் ஒரு வண்டி உணவுப்பொருள் வாங்குவதே அரிது என்று புலம்புகிறார். அதே மாதம் பிராங்க்ளின் பாரிஸிலிருந்து எழுதிய கடிதத்தின் தொனி வேறு. இந்த நோட்டு ஓர் அற்புத எந்திரம். அடிக்கும்போது படைக்குச் சம்பளமும் துணியும் சோறும் வெடிமருந்தும் தருகிறது, அளவு மிஞ்சினால் மதிப்பு இறங்கித் தன் கடனைத் தானே அடைத்துக்கொள்கிறது என்கிறார். குறும்பான பேச்சு, ஆனால் கணக்கு சரி. மதிப்புச் சரிவும் ஒரு வரிதான். நோட்டு யார் கையில் இருக்கும்போது இறங்குகிறதோ, அவர் கட்டுகிற வரி.

யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. சாதாரண சிப்பாய்க்கு மாதச் சம்பளம் ஆறே மூன்றில் இரண்டு பங்கு டாலர், அதாவது ஆறரையும் கொஞ்சமும். நாற்பதுக்கு ஒன்று என்ற விலையில் வகுத்துப் பாருங்கள்: ஒரு வெள்ளி டாலரில் ஆறில் ஒரு பங்கு. 1776 பிப்ரவரியில் சில்லறைத் தட்டுப்பாட்டுக்காக காங்கிரஸ் சின்ன நோட்டுகள் அடித்தபோது, அவற்றிலேயே மிகச் சிறியது ஆறில் ஒரு டாலர் நோட்டு. சூரியக் கடிகாரம் படம் போட்டு, உன் வேலையைப் பார் என்று எழுதியிருப்பார்கள். நான்கு வருடத்தில் ஒரு மனிதனின் முழு மாத உழைப்பு அந்தச் சில்லறையின் அளவுக்கு வந்துவிட்டது. வரி என்று வெளிப்படையாகப் போட்டிருந்தால், பாஸ்டன் வியாபாரியிடமிருந்து கொஞ்சமாவது வசூலாகியிருக்கும். இந்த மறைமுக வரியில் அவர் நோட்டைக் கைமாற்றிச் சரக்கு வாங்கிப் போட்டுக்கொண்டார். சம்பளக்காரன், விதவை, கடன் கொடுத்த சிறு ஆள் ஆகியோர் கட்டினார்கள்.

விலைவாசியைச் சட்டம் போட்டு நிறுத்தவும் பார்த்தார்கள். 1776 கடைசியில் நியூ இங்கிலாந்து என்னும் வடகிழக்கு மாநிலங்கள் பிராவிடன்ஸில் கூடி விலைப்பட்டியல் தயாரித்தன. சரக்கு கடையிலிருந்து மறைந்தது, அவ்வளவுதான். 1777-லேயே சட்டத்தைக் கைவிட்டார்கள். நோட்டை வாங்க மறுப்பவன் நாட்டின் எதிரி என்று காங்கிரஸ் 1776 ஜனவரியிலேயே தீர்மானம் போட்டிருந்தது. 1779 அக்டோபரில் பிலடெல்பியாவில் விலை உயர்வால் கொதித்த மிலிஷியாக்காரர்கள் (உள்ளூர்க் குடிப்படையினர்) ஜேம்ஸ் வில்சன் என்ற வழக்கறிஞரின் வீட்டை முற்றுகையிட்டார்கள். சண்டையில் உயிர்கள் போயின. அவர் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்.

1779 செப்டம்பரில் 20 கோடியோடு நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். 1780 மார்ச் 18-ம் தேதி, நாற்பது நோட்டு டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று தாங்களே ஒப்புக்கொண்டார்கள். நாற்பதில் முப்பத்தொன்பதைத் தள்ளுபடி செய்வதற்கு மஞ்சள் கடிதாசி என்று நம் ஊரில் பெயர். மாநிலங்கள் வரியாக வசூலித்துச் சுமார் 12 கோடி டாலர் நோட்டை அழித்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரி வசூலிக்கவே முடியாது என்று இருந்தவர்களுக்கு அது திடீரென்று முடிந்திருக்கிறது. காகிதமாகவே கட்டலாம் என்றதும் கட்டினார்கள்.

அச்சகம் நின்ற பிறகு வந்த வழிதான், என் கணக்கில், எல்லாவற்றிலும் மோசம். பணமாக வேண்டாம், பண்டமாகத் தாருங்கள் என்று 1780 பிப்ரவரியில் மாநிலங்களிடம் கேட்டார்கள்: மாட்டிறைச்சி, மாவு, ரம், வைக்கோல். எந்த மாநிலம் எவ்வளவு என்று பட்டியல். சேமிக்கக் கிடங்கு இல்லை, ஏற்றிச் செல்ல வண்டி வாடகைக்குப் பணமில்லை. ஓரிடத்தில் மாவு கெட்டுப்போக, இன்னோரிடத்தில் படை பட்டினி கிடந்தது. இன்னொரு பக்கம், படை அதிகாரிகள் பண்ணைகளுக்குப் போய் மாட்டையும் தானியத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நோட்டுக்காவது சந்தையில் ஒரு விலை இருந்தது. இந்தச் சீட்டை வரிக்குக்கூட எல்லா இடத்திலும் வாங்கவில்லை. நோட்டு அடிப்பது எல்லாரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தது. பறிமுதலோ படை எந்தச் சாலையில் போகிறதோ அந்தச் சாலையோரத்தில் வீடு இருந்த பாவத்துக்காக ஒருவனிடமிருந்து மட்டும் எடுத்தது. 1781 புத்தாண்டு அன்றே பென்சில்வேனியாப் படை கலகம் செய்ததில் ஆச்சரியமில்லை.

நிலத்தை ஈடாக வைத்து நோட்டு அடித்திருந்தால் நின்றிருக்குமோ என்று சிலர் கேட்பார்கள். அரசருக்கு விசுவாசமாக இருந்தவர்களின் சொத்தைப் பறித்து விற்கும்படி காங்கிரஸே 1777 நவம்பரில் மாநிலங்களுக்குச் சொன்னது. இந்த யோசனையை முழுசாகச் செய்து பார்த்தவர்கள் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள். 1789-ல் திருச்சபை நிலங்களை நாட்டுடைமையாக்கி, அதை ஈடுவைத்து 'அசிஞ்யா' என்ற பத்திரத்தை முதலில் 40 கோடி லிவருக்கு, 5 சதவீத வட்டியோடு வெளியிட்டார்கள். பிராங்க்ளின் கேட்ட வட்டியும் இருந்தது, நிலமும் இருந்தது. ஏழாண்டுக்குள் 4,500 கோடி லிவர் வரை போய், 1796 பிப்ரவரியில் பாரிஸ் சதுக்கத்தில் அச்சுத் தகடுகளைக் கொளுத்தி உடைத்தார்கள். ஈடு அதே அளவில் இருக்க, நோட்டு மட்டும் வளர்ந்தால் நிலம் என்ன செய்யும்?

அமெரிக்காவைக் கடைசியில் கரைசேர்த்தது வெள்ளி. 1781-ல் ராபர்ட் மோரிஸ் என்ற பிலடெல்பியா வணிகரை நிதிக் கண்காணிப்பாளராக வைத்தார்கள். பறிமுதலை விட்டுவிட்டு ஒப்பந்த முறையில் சரக்கு வாங்கினார். காங்கிரஸ் பெயரில் கிடைக்காத கடனைத் தன் சொந்தக் கையெழுத்தில் நோட்டு வெளியிட்டுச் சமாளித்தார். (இதே மனிதர் பின்னாளில் நில வியாபாரத்தில் நொடித்து, கடனாளிச் சிறையில் மூன்று வருடம் இருந்தார்.) போரின் முடிவைத் தீர்மானித்த யார்க்டவுன் சண்டைக்குப் போகும் வழியில் சிப்பாய்கள் சம்பளம் கேட்டு முரண்டியபோது, பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவிடம் சுமார் 20,000 வெள்ளி டாலர் கைமாற்று வாங்கி ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். பிரெஞ்சுக் கடற்படை ஹவானாவில் 5 லட்சம் பேசோ (ஸ்பானிய வெள்ளி டாலர்) திரட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்த ஆகஸ்டில் பாஸ்டனுக்குக் கப்பலில் வந்த பிரெஞ்சு வெள்ளி, மாட்டு வண்டிகளில் பிலடெல்பியா வந்தது. அதில் ஒரு பகுதியை முதலாகப் போட்டு 1782 ஜனவரியில் நாட்டின் முதல் வங்கியைத் திறந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்கத் தூதர் ஜான் ஆடம்ஸ் ஆம்ஸ்டர்டாமில் 50 லட்சம் கில்டர் (டச்சு நாணயம்) கடன் பெற்றார்.

இந்த வெள்ளியின் விலையைப் பிரெஞ்சுக் கஜானா கட்டியது. ஒரே நேரத்தில் அது யார்க்டவுன் இருக்கும் வர்ஜீனியாவிலும் செலவழித்தது. நம் கரையில் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூருக்கு எதிரே பிரிட்டிஷாரோடு மோதிய பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரானின் கப்பல்களுக்கும் செலவழித்தது. மொத்தம் 100 கோடி லிவருக்கு மேல், பெரும்பாலும் கடன். 1789-ல் பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயி நாட்டின் பிரதிநிதிகளைக் கூட்ட நேர்ந்ததற்கு இந்தக் கடனும் ஒரு காரணம். வெளிநாட்டுக் கடன் வாங்கியவனுக்கு மலிவாக முடிந்தது, கொடுத்தவனுக்கு இல்லை.

சரி, அந்த அறையில் நான் இருந்திருந்தால் எதற்குக் கை தூக்கியிருப்பேன்? 1775-லும் 1776-லும் தயங்காமல் அச்சகத்துக்கு, பிராங்க்ளின் சொன்ன வட்டியோடு. நான் மாற்றி வாக்களித்திருக்கும் நாள் 1777 நவம்பர் 22. பிலடெல்பியாவைப் பிரிட்டிஷார் பிடித்திருந்ததால் காங்கிரஸ் யார்க் என்ற சிற்றூரில் உட்கார்ந்திருந்தது. சாரடோகா வெற்றி நடந்து ஐந்து வாரம். புரட்சி நிற்கும் என்ற நம்பிக்கை முதன்முதலாக வந்த நேரம். அன்றுதான் மாநிலங்களிடம் முதல் தடவையாக 50 லட்சம் டாலர் வரிப்பணம் கேட்டார்கள். அடுத்த ஆண்டு அச்சடித்ததோ அதைப்போலப் பன்னிரண்டு மடங்கு. வரியை நோட்டாகவே வாங்கி உடனுக்குடன் எரித்திருந்தால், 1780-ல் 12 கோடியை உறிஞ்ச முடிந்த மாநிலங்களால் 1778-ல் அதில் கால்வாசியையாவது உறிஞ்ச முடிந்திருக்கும் என்பது என் ஊகம். பறிமுதலுக்கு எந்த ஆண்டிலும் கை தூக்க மாட்டேன்.

உண்மையில் மாநிலங்கள் கடைசி வரை முரண்டு பிடித்தன. 1781-ல் இறக்குமதிக்கு 5 சதவீத சுங்கம் மட்டும் தாருங்கள் என்று காங்கிரஸ் கேட்டது. எல்லா மாநிலமும் சம்மதிக்க வேண்டும், ரோட் ஐலண்ட் ஒன்று மறுத்தது, திட்டம் போயிற்று. 1790-ல் புதிய அரசு பழைய கடனையெல்லாம் தீர்த்தபோது, கான்டினென்டல் நோட்டுக்கு நூறுக்கு ஒன்று என்று விலை வைத்தது, அதுவும் கடன் பத்திரமாக. 1776-ல் வாங்கிய ஆறு டாலர் பீவர் நோட்டை ஒரு சிப்பாயின் வீட்டில் பதினான்கு வருடம் பத்திரமாக வைத்திருந்தால், அதற்குக் கிடைத்தது ஆறு சென்ட்.